பக்கவாட்டு வெளிச்சம்

ஏப்ரல் 22, செவ்வாய்

மாலை பஸ்ஸில் பெரியமுனைக்கு வந்து சேர்ந்தேன். உப்பளங்களைத் தாண்டியதும் கடலுக்கு முன்பே கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்துவிடுகின்றன. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆண்கள் எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள். வேலையில்லாத ஆண்கள் நிறைந்த ஊரில் எந்தச் சண்டையும் சீக்கிரம் பெரிதாகும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயம்.

யூஜினி டீச்சர் பஸ் நிறுத்தத்தில் குடையுடன் காத்திருந்தார். என்னை இங்கே அழைத்தவர் அவர்தான். நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழைய தேவாலயங்களை இரவில் படமெடுத்து வருகிறேன். அந்தப் படங்கள் சிலவற்றைத் தூத்துக்குடியில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு, நம்பர் தேடி வாங்கிப் பேசினார். "எங்க கோயிலப் பகல்ல பாத்தீங்கன்னா ஓடிப்போயிருவீங்க சார். ராத்திரி வந்து பாருங்க."

இருட்டுவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நூறு வயது தாண்டிய காத்திக் பாணிக் கட்டடம். ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டுவித்தது. கூர்வளைவு ஜன்னல்கள், முகப்பில் பெரிய வட்டச் சாளரம், வானத்தைக் குத்தும் சிறு கூம்புகள். அதன்மேல் இப்போது ரோஸ் நிறப் பெயிண்ட். கூம்புகளுக்குக் கிளிப்பச்சை. சம்மனசுகள் எனும் தேவதூதர்களின் இறக்கைக்குத் தங்க எனாமல். இருட்டியதும் மறுபடி போனேன். நிறம் போய்விட்டது, உருவம் மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கேமராவை வெளியே எடுக்கவே தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மே 11 ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பழைய கோயிலைப் பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் பெரிதாகப் புதுக்கோயில் கட்டுவதா என்று அன்று கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்கள். கமிட்டித் தலைவர் தொபியாஸ் இடிக்கும் கட்சி. டீச்சர் காக்கும் கட்சி. அந்தக் கட்சியில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். என் படங்களைக் கூட்டத்தில் திரையில் காட்டப்போகிறார். "இவ்ளோ அழகான ஒண்ணையா இடிக்கப் போறோம்னு அவங்களே கேக்கணும்" என்றார்.

டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கலாம். பள்ளியில் கணக்கு எடுத்தவர். தனியாக இருக்கிறார். வெள்ளைச் சேலை, நீல ஓரம். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நிருபர் பழக்கம்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று எடுத்த எதுவும் தேறவில்லை. முகப்பு முழுக்கக் குழல்விளக்குகளும் மஞ்சள் பல்புகளும். படத்தில் அவை வெள்ளைத் திட்டுகளாக எரிந்து, பக்கத்தில் இருக்கும் செதுக்கு வேலையைத் தின்றுவிடுகின்றன.

கோயில் வேலையும் மின்சார வேலையும் பார்க்கும் கஸ்பாரிடம், வட்டச் சாளரத்துக்கு அருகே இருக்கும் ஒரேயொரு விளக்கை அணைக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி அணைத்தார். நான் கேமராவை நிறுத்திக் குனிவதற்குள் ஓர் அம்மாள் வந்துவிட்டார்.

"ஏ கஸ்பாரு, எங்க லைட்டை எதுக்குல அணைச்ச?"

"போட்டோ சாருக்கு, சின்னம்மா."

"சாருக்குன்னா? எங்க மாமனார் பேர்ல போட்ட லைட்டு. பக்கத்துல தொபியாஸ் வீட்டு லைட்டு எரியுது, எங்களது மட்டும் அணையணுமா? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

அப்போதுதான் ஏணி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கின் தகட்டிலும் ஒரு குடும்பத்தின் பெயர். உபயம் இன்னார். மின்விசிறியிலும் உண்டு. சுவரிலும் உண்டு. பிள்ளை கடலிலிருந்து திரும்பினால், பிரசவம் நல்லபடி முடிந்தால், கப்பலில் வேலை கிடைத்தால், கோயிலுக்கு ஏதாவது ஒன்று. பெயிண்ட்கூட அப்படி வந்ததுதான். இடப்பக்கம் ஒரு குடும்பம், வலப்பக்கம் இன்னொரு குடும்பம். ரோஸ் நிறம் இரண்டு பக்கமும் சரியாகச் சேராததற்குக் காரணம் புரிந்தது.

அதற்குள் இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எந்த விளக்கை அணைப்பது என்று விவாதம் தொடங்கியது. டீச்சர் வந்து முடித்துவைத்தார்.

"எல்லாத்தையும் அணைங்க. மெயினையே அணைங்க. யார் வீட்டு லைட்டும் எரியாட்டா யாருக்கும் வருத்தம் இல்லை பாருங்க."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பங்குத்தந்தை கிளாட்வின் இளைஞர். சண்டை இல்லாமல் முடிந்ததே போதும் என்று உடனே சம்மதித்தார். அமாவாசையை ஒட்டி, இரவு ஜெபம் முடிந்த பிறகு மெயின் அணையும். வெளிச்சத்துக்கு என் கை டார்ச் போதும்.

ஏப்ரல் 25, வெள்ளி

இரவுச் சாப்பாடு டீச்சர் வீட்டில். பாறை மீன் குழம்பு. நான் சைவம் என்று போனில் சொல்லியிருந்தேன். அவர் மறந்துவிட்டார். நான் நினைவூட்டவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அமாவாசை. மெயினை அணைத்ததும் ஊர் சத்தம்கூடக் குறைந்தமாதிரி இருந்தது. வெளிப்புறப் படங்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள். ரோஸ் இல்லை, பச்சை இல்லை.

பிறகு உள்ளே போனோம். நான், டீச்சர், கஸ்பார். உட்கூரை கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் உட்புறம் போல. தூண்களிலிருந்து வளைவுகள் எழுந்து உச்சியில் கூராகச் சந்திக்கின்றன. கேமராவை முக்காலியில் நிறுத்தி ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்து ஒவ்வொரு வளைவாக ஒளியால் பூசிக்கொண்டு போவேன். சுவருக்கு நேராக ஒளியடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். தூணோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் அடித்தால், மணல் பருக்கைக்குக்கூட நிழல் விழும். செதுக்கு வேலை எழுந்து நிற்கும்.

டீச்சர் பின்வரிசை பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். "சினிமா கொட்டகையில உக்காந்தமாதிரி இருக்கு" என்றார். கஸ்பார், "முறுக்கு வாங்கிட்டு வரட்டா டீச்சர்?" என்றார்.

படங்களை அறைக்கு வந்து மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பீடத்திலிருந்து மூன்றாவது வளைவில் ஒரு கோடு. ஒட்டடை என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடம். ஒட்டடை காற்றில் ஆடும், இரண்டு படத்திலும் ஒரே நிழல் விழாது. உச்சிக் கல்லிலிருந்து தொடங்கி, இடப்பக்க வளைவு வழியாகத் தூண் வரை இறங்குகிறது. மேலே, உச்சியில், வளைவின் ஒரு பாதி மறு பாதியைவிடச் சற்றுக் கீழே இருக்கிறது. பகலில் பெயிண்டுக்குள் இது தெரியாது. விளக்குகள் எரியும்போதும் தெரியாது. அவை எல்லாமே நேர்வெளிச்சம்.

ஒரு படத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது. நாளை மறுபடி எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

மறுபடி எடுத்தேன். பக்கவாட்டு ஒளியில் கோடு இருக்கிறது. கீழே நின்று நேர்வெளிச்சத்தில் எடுத்தேன். கோடு இல்லை, வளைவு முழுதாக, அழகாக இருக்கிறது. இரண்டும் ஒரே வளைவு, ஒரே இரவு. எதிலும் நான் எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை.

டீச்சர் கேட்டது கோயிலின் அழகை. நேர்வெளிச்சப் படத்தைக் கொடுத்தேன். கணினித் திரையைத் தொடாமல், விரலை அதற்கு மேலே சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு வளைவின் ஓட்டத்தைப் பின்பற்றினார். "இதை முதல்ல காட்டுவோம் சார். தொபியாஸ் வாயடைச்சுப் போவாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கட்டடங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பொறியாளன் அல்ல. பழைய சுவரில் காரை வெடிப்பது சாதாரணம்.

ஏப்ரல் 30, புதன்

என் வேலை முடிந்துவிட்டது. அடுத்த தேவாலயத்துக்கு இன்று கிளம்பியிருக்க வேண்டும். அங்கே போன் செய்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். காற்று அதிகம், முக்காலி நிற்காது என்று சொன்னேன். காற்று கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

பங்களூரிலிருந்து மகன் போன். "இன்னுமா அந்த ஊர்லயே இருக்கீங்க? அப்படி என்னப்பா இருக்கு அங்க?" கூர்வளைவுகளைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

மே 1, வியாழன்

காலையில் மின்கலம் சார்ஜ் போடக் கோயில் பக்கம் போனேன். உள்ளே ஒரே கூச்சல். ஞாயிறன்று புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு ஒத்திகை. பையன்கள் இடது, பெண்பிள்ளைகள் வலது. வெள்ளை உடுப்பு தைத்து முடியாததால், அளவுக்காகத் தலையில் முக்காட்டை மட்டும் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் முன்னால் நிற்பவளின் முக்காட்டை இழுத்து, தாயிடம் முதுகில் ஒன்று வாங்கினான்.

"பிள்ளைங்களை அங்கயா உக்கார வைக்கிறீங்க?" என்று ஃபாதரைக் கேட்டேன்.

"ஆமா சார். அந்த எடத்துலதான் ரெண்டு பக்கமும் ஃபேன் இருக்கு. போன வருஷம் ரெண்டு பிள்ளைங்க மயங்கி விழுந்துட்டாங்க."

மூன்றாவது வளைவுக்கு நேர் கீழே.

அறைக்குத் திரும்பினேன். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். லென்ஸ்களைத் துடைத்தேன். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தேன். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எப்படி எடுத்தேன் என்பதைச் சொன்னேன். பார்க்கப் பார்க்கக் கீரைக்காம்பு கையிலேயே நின்றுவிட்டது.

"இது எப்ப எடுத்தது?"

"ஞாயித்துக்கெழமை. திங்கக்கெழமை இன்னொரு தடவை."

"திங்கக்கெழமை எங்கிட்ட மத்ததைக் குடுத்தீங்க."

"ஆமா."

"ஏன் சார்?"

உறுதியாகத் தெரியவில்லை, நான் பொறியாளன் இல்லை என்றேன். திங்களன்று இங்கே எழுதிவைத்த அதே வாக்கியம். சத்தமாகச் சொல்லும்போது நன்றாக இல்லை.

அவர் திரையில் தூணின் அடியைப் பெரிதாக்கச் சொன்னார். பளிங்குக் கல்லில் பெயர் தெரிந்தது. உபயம், மச்சாது குடும்பத்தார். அவர் குடும்பம்தான்.

"புயல்ல போன எந்தம்பி உயிரோட திரும்பி வந்தான். அதுக்கு நேந்துக்கிட்டு இந்த வளைவு முழுக்க நாந்தான் சிமெண்ட்டு பூச வச்சேன். பழைய சுண்ணாம்பு உதிருதுன்னு." கையிலிருந்த கீரைக்காம்பைக் கீழே வைத்தார். "வேற யாருக்கும் இதைக் காட்டியிருக்கீங்களா?"

"இல்லை. நீங்க சொன்னாத்தான் காட்டுவேன்."

"அதென்ன பேச்சு? பிள்ளைங்க உக்காரப் போகுது, நான் சொன்னாத்தான் காட்டுவீங்களா?" முதல் முறையாக என்னை அதட்டினார். கீரையை அப்படியே விட்டு எழுந்து, செருப்பை மாட்டினார். "கம்ப்யூட்டரை எடுங்க. கிளாட்வின் சாமியைப் பாக்கணும்."

தெருவில் என்னைவிட வேகமாக நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 2, வெள்ளி

ஃபாதர் கோயிலைப் பூட்டிவிட்டார். புதுநன்மை பள்ளிக்கூட மைதானத்தில், பந்தலின் கீழ். ஆயர் இல்லத்திலிருந்து பொறியாளர் வருகிறார்.

டீக்கடையில் தொபியாஸ் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "நாலு வருஷமா நான் கத்துனேன், விரிசல் விரிசல்னு. சுண்ணாம்புதான் உதிருதுன்னாவ டீச்சர். இப்ப அவியளே போயிச் சாமிட்ட சொல்லுதாவ. நீங்க எந்தக் கட்சி சார்? எங்க ஆளா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லை" என்றேன்.

"அப்படிச் சொல்லுத ஆளுகதான் வே காரியத்தை முடிக்குதாவ" என்று சிரித்தார். டீயைக் குடிக்காமல் வர முடியவில்லை.

டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மே 4, ஞாயிறு

பந்தலில் புதுநன்மை. வெயிலும் கடல்காற்றும். முக்காடுகள் பறந்தன. ஃபாதரின் பிரசங்கத் தாள்களும் பறந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். யாரும் மயங்கவில்லை.

கோயிலில் எதுவும் விழவில்லை. அதுதான் இப்போது பேச்சு. "விழும் விழும்னாவ, ஒரு செங்கக்கூட அசையல. பிள்ளைய வாழ்க்கையில ஒரு நாளு, அதையும் மண்ணுல உக்கார வச்சிட்டாவ." இதைச் சொன்ன பெண், டீச்சரின் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். டீச்சர் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். பேசிக்கொள்ளவில்லை.

மே 6, செவ்வாய்

பேசவில்லை.

மே 8, வியாழன்

பொறியாளர் வந்தார். சாரம் கட்டி ஏறி, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் கணீரென்றது. மூன்றாவது வளைவில் தகர டப்பாவைத் தட்டும் சத்தம். சிமெண்ட்டுப் பூச்சு நீரை உள்ளேயே பிடித்துவைத்து, பின்னால் இருக்கும் சுண்ணாம்பை மாவாக்கிவிட்டதாம். மற்ற வளைவுகளிலும் அதே பூச்சுதான், அங்கும் அரிப்பு தொடங்கியிருக்கிறது. எல்லாமே யாரோ ஒரு குடும்பத்தின் நேர்ச்சை. மூன்றாவதில் கல்லே நகர்ந்திருக்கிறது.

"விழுமா சார்?" என்று கஸ்பார் கேட்டார்.

"இன்னிக்கா, அடுத்த மழைக்கா, பத்து வருஷம் கழிச்சான்னு சொல்ல முடியாது. எம் பிள்ளையை அதுக்கடியில உக்கார வைக்க மாட்டேன். பழுது பாக்கலாம். ஆனா கல்லுகல்லாக் கழட்டிச் சேக்கணும். வருஷக்கணக்கா ஆகும், தெரிஞ்ச ஆளு வேணும்."

பொறியாளர் இறங்கும்போது டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறியாளர் போனபின் என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கெழமை ரெண்டு படத்தையும் காட்டணும் சார். பக்கத்துல பக்கத்துல."

"ரெண்டாவதைக் காட்டினா நீங்க தோத்துடுவீங்க டீச்சர்."

"தெரியும். ஒண்ணை மட்டும் காட்டி ஜெயிக்கணுமா?" பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

இன்னும் இல்லை என்று சொன்னேன். சாப்பிட்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு

ஊர்க்கூட்டம். இருட்டியதும் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதில் படங்களைக் காட்டினோம். முதலில் கோபுரங்கள். சத்தம் அடங்கிவிட்டது. "நம்ம கோயிலா இது?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாடா, பெயிண்ட் அடிக்கதுக்கு முன்னாடி பாத்தவிய கேட்டுக்க" என்று இன்னொரு குரல். வட்டச் சாளரம் வந்தபோது ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு மூன்றாவது வளைவு, இரண்டு படங்களும். டீச்சர் எழுந்து பிரம்பால் கோட்டைத் தொட்டுக் காட்டினார். கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோலவே, மிகத் தெளிவாக. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பாதி இறங்கியிருக்கிறது. "இது எங்க குடும்பத்து உபயம். நான் பூசுனதுதான் உள்ளே அரிச்சிருக்கு. உங்க வளைவுகள்லயும் அப்படித்தான் இருக்கும். எடுத்துட்டுப் பழுது பாத்தா நிக்கும்னு நான் இன்னமும் நினைக்கேன். நாளாகும். நீங்க முடிவு பண்ணுங்க."

கைகளை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மைதானத்தில் முக்கால்வாசிக் கைகள் இடிப்பதற்கு எழுந்தன. பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எல்லாம். நான் அவர்களில் ஒருவனாக இருந்தால் என் கையும் எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொபியாஸ் மைக்கைப் பிடித்து, "படம் புடிச்ச சாருக்கு ஒரு கைதட்டு குடுங்கப்பா" என்றார். தட்டினார்கள். அத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

நாளை காலை பஸ். பையைக் கட்டி வைத்துவிட்டேன். கஸ்பாருக்கு டார்ச்சைக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார்.

பௌர்ணமி. சாப்பாட்டுக்குப் பின் டீச்சர் வந்தார். "சார், கோயிலோட சேத்து என்னை ஒரு படம் எடுப்பீங்களா? நூத்துக்கணக்குல எடுத்தீங்க, ஒண்ணுலயும் ஆளே இல்லை."

கஸ்பார் மெயினை அணைத்துவிட்டுப் போனார். நிலா வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஆனால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதைச் சொன்னேன். கட்டடம் நின்றபடி நிற்கும். அதற்குள் அசையும் மனிதர்கள் படத்தில் கரைந்துபோவார்கள்.

"அப்ப அசையாம நிக்கணும்."

"ஆமா. மூச்சு விடலாம்."

"பேசலாமா?"

"கூடாது. முகம் கலைஞ்சுரும்."

படிக்கட்டின் ஓரத்தில், எனக்குப் பக்கவாட்டாக, கோபுரத்தைப் பார்த்து முகத்தை உயர்த்தி நிற்கச் சொன்னேன். நின்றார். நான் குனிந்து கேமராவில் படச்சட்டத்தைச் சரிபார்த்தேன். இரண்டு கோபுரங்களும் உள்ளே இருந்தன.

"சார்."

"சொல்லுங்க டீச்சர்."

"வந்த நாள்லேர்ந்து ஏதோ சொல்ல வாறீங்க, முழுங்குதீங்க. இப்பச் சொல்லிருங்க. நான் குறுக்கப் பேச முடியாது பாருங்க."

ஷட்டரைத் திறந்தேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. பேசினேன். தொடக்கத்தில் சரியாக வரவில்லை. செய்தி எழுதுவதுபோலவே ஆரம்பித்தேன். பிறகு வந்தது. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் படிக்கட்டிலிருந்து இறங்கினார். வந்து என் பக்கத்தில் நின்று கேமராவின் திரையைப் பார்த்தார். கோபுரங்கள் கல் கல்லாகத் துல்லியம். சேலையின் நீல ஓரம் துல்லியம். கோத்திருந்த கைகள் துல்லியம். முகம் மட்டும் கலைந்திருந்தது.

இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும். பஸ் நாளைக்குத்தான் போகணுமா?"

அவர் போனபிறகு அறையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபுரத்தைப் பார்த்தபடி நில்லுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். படத்தில் அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை.